பத்து நிமிடத் தாமதம்

அத்தியாயம் 5

வாயைத் திறக்காமல் யாரிடமும் கேள்வி கேட்க முடியாது. வாயைத் திறந்தே வைத்திருந்தாலும் கேட்க முடியாது என்பது துப்பறிவாளர் பூதக்கண்ணாடிக்கு அன்று மதியம் இரண்டரை மணிக்குத்தான் தெரியவந்தது. பல் மருத்துவமனையின் சாய்வு நாற்காலியில் அவர் மல்லாந்து கிடந்தார். வாய்க்குள் ஒரு சின்னக் கண்ணாடியும், எச்சிலை உறிஞ்சும் குழாயும், வழக்கைக் கொண்டுவந்த டாக்டரம்மாவின் இரண்டு விரல்களும் இருந்தன.

பூதக்கண்ணாடி என்பது தெரு வைத்த பெயர். துப்புத் துலக்கும் திறமைக்காக வைத்தார்கள் என்று வெளியாட்களிடம் சொல்லிக்கொள்வார். உண்மையில் அவருடைய மூக்குக் கண்ணாடியின் கனத்தைப் பார்த்து வைத்தது. சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை, கதவில் 'சர்வதேசத் துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை. அந்தச் சர்வதேசம் இதுவரை ஆற்றுப்பாலத்தைத் தாண்டியதில்லை. போன மாதம்கூட ஒருவரைப் பின்தொடர்வதாக நினைத்து மூன்று நாள் வேறொருவரைப் பின்தொடர்ந்து, கடைசியில் அந்த மனிதரின் பணி ஓய்வு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வந்தார்.

உதவியாளர் அவருடைய மனைவியின் தங்கை. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வேறு வேலை கிடைக்கும்வரை என்று வந்து சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. நடுவில் இரண்டு நல்ல வேலைகள் கிடைத்தும் போகவில்லை. இங்கே கிடைக்கிற சிரிப்பு அங்கே கிடைக்காது என்று அக்காவிடம் காரணம் சொன்னாளாம்.

நோயாளியாக வந்தால்தான் யாருக்கும் சந்தேகம் வராது என்று போனில் சொன்னது டாக்டரம்மாதான். நாற்காலியில் சாய்ந்த பிறகு, 'சும்மா ஒரு பார்வை' என்று ஆரம்பித்தவர், கடைவாயில் எதையோ கண்டு முகம் சுளித்து, ஊசி போட்டு, குழாயையும் சொருகிவிட்டார். திறந்த வாயைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. ஆகவே கேள்வி கேட்கும் பொறுப்பு வாயாடியிடம் போயிற்று.

"அத்தான் வாயைத் திறந்து வச்சுட்டுப் பேசாம இருக்கிறதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்," என்றபடி அவள் நோட்டைப் பிரித்தாள். "சொல்லுங்க டாக்டர். யாரை யார் கொன்னாங்க?"

கொலை எதுவும் நடக்கவில்லை. ஆனால் அதைச் சொன்ன டாக்டரம்மாவின் முகம், கொலையே தேவலாம் என்பதுபோல் இருந்தது. பூதக்கண்ணாடியின் பல்லைச் சுரண்டிக்கொண்டே அவர் சொன்ன கதை இது.

கோளாட்சி என்று இணையத்தில் ஒரு விளையாட்டு. ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கொரு கோளை வைத்துக்கொண்டு, சுரங்கம் தோண்டி, விண்கப்பல் கட்டி, ஒருவரையொருவர் கொள்ளையடிப்பார்கள். தனியாக இருப்பவர் ஒரு வாரம் தாங்க மாட்டார் என்பதால் கூட்டணி சேர்வார்கள். பகலெல்லாம் பல் பிடுங்கும் டாக்டரம்மா அங்கே எரிகல் என்ற பெயரில் நூற்று நாற்பது பேருக்குத் தலைவி. கூட்டணிக்குச் சாம்பல் கழுகுகள் என்று பெயர். நான்கு வருடமாகக் கட்டிக் காத்தது. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஊரும் தொழிலும் கேட்காமல் இருப்பது அங்கே ஒரு மரியாதை. தலைவி போடுகிற உத்தரவுகளைப் பார்த்து, இவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

எதிரிக் கூட்டணிக்கு ஏழாம் வளையம் என்று பெயர். அதன் தலைவன் பேய்மழை. எல்லையில் கிடக்கும் ஒரு மொட்டைக் கோளுக்காக இரண்டு தரப்பும் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டன. சமாதானம் பேசக் கிளம்பியவர் சாம்பல் கழுகுகளின் தூதர். தனக்கு வெள்ளைக்கொடி என்று பெயர் வைத்துக்கொண்டவர். இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு வருடம் நடையாய் நடந்து, பதினோரு பிரிவுகள் உள்ள ஒப்பந்தத்தைத் தயாரித்தார். ஆறாவது பிரிவுக்கு மட்டும் நான்கு மாதம் பிடித்தது.

நேற்று மாலை ஐந்து மணிக்குக் கையெழுத்து என்று முடிவானது. பேய்மழையை முழுக்க நம்ப முடியாதே. அதனால் நாலு மணிக்கே தலைவியின் படை ரகசியமாகக் கிளம்பி, கையெழுத்து நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒளிந்து நிற்பது என்று ஏற்பாடு. படை கிளம்பிவிட்டால் கோளுக்குக் காவல் கிடையாது. கிளம்பும் நேரம் தலைவியும் தூதரும் உள்ளிட்ட செயற்குழுவின் ஆறு பேருக்கு மட்டும் தெரியும். ஆனால் படை கிளம்பிய மறு நிமிடமே பேய்மழையின் கப்பல்கள் வந்து இறங்கி, நான்கு வருடம் தோண்டிச் சேர்த்த உலோகத்தை வழித்துக்கொண்டு போய்விட்டன. ஐந்து மணிக்கு அவனே கையெழுத்துப் போடவும் வந்து நின்றான். ஒப்பந்தம் ஐந்து மணிக்குத்தான் அமலுக்கு வருகிறது, அதற்கு முன்னால் கொள்ளையடிக்கக் கூடாது என்று எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேட்டான். பதினோரு பிரிவையும் வரிவரியாகப் படித்துப் பார்த்தார்கள். எதிலும் இல்லை.

எதிரியோடு தினமும் பேசுகிறவர் வெள்ளைக்கொடி ஒருவர்தான். செயற்குழு அவர் மேல் பாய்ந்தது. ஆத்திரம் கண்ணை மறைக்க, நூற்று நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் டாக்டரம்மா அவரைத் துரோகி என்று எழுதிவிட்டார். அவர் வாதாடவில்லை. விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று ஒரே ஒரு வரி எழுதினார். அவரை நீக்குவதற்கு இன்று மாலை ஆறு மணிக்கு வாக்கெடுப்பு.

"நாலு வருஷமா காலையில எழுந்தா முதல் வணக்கம் அவருக்குத்தான்," என்றார் டாக்டரம்மா. கையிலிருந்த கருவி அந்தரத்தில் நின்றது. "என் வீட்டுக்காரர் காலை உடைச்சுக்கிட்டுக் கிடந்தப்ப, ஏன்னுகூடக் கேக்காம ஒரு மாசம் என் வேலையெல்லாம் அவர்தான் பார்த்தார். அவர் துரோகின்னா இன்னைக்கு நானே நீக்கிடுவேன். இல்லைன்னா, நான் எழுதின அந்த வார்த்தையை வச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்கறது? ஆறு மணிக்குள்ள ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும்."

நாற்காலியிலிருந்து ஒரு விரல் உயர்ந்தது. கூடவே ஒரு முனகலும் வந்தது. வாயாடி அதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, படை கிளம்பியபோது கடிகாரத்தில் சரியாக என்ன மணி என்று அத்தான் கேட்பதாக மொழிபெயர்த்தாள்.

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். நாலு மணிக்குத்தான் கிளம்பியிருக்க வேண்டும், ஆனால் அப்போது ஒருவருக்கு ஞானப்பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். பல் இரண்டாக உடைந்து, வேர் வெளியே வர மறுத்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு ஓடி, முன்மேசைக் கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்தும்போது மணி நாலு பத்து. நாலு பதினொன்றுக்குக் கொள்ளை விழுந்தது.

குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பூதக்கண்ணாடி எழுந்து உட்கார்ந்தார். இடது கன்னம் மரத்துப்போய் யாருடையதோ போல இருந்தது. ஆனாலும் மூளை தன்னுடையதுதான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

"உங்க ஆறு பேர்ல யார் காட்டிக்கொடுத்திருந்தாலும் நாலு மணின்னுதான் சொல்லியிருப்பாங்க," என்றார் குழறலாக. "அவன் நாலு மணிக்கு வந்திருந்தா உங்க படை வீட்டுலயே நின்னிருக்கும். அவனோட ஒரு கப்பல்கூடத் திரும்பிப் போயிருக்காது. அவன் பத்து நிமிஷம் காத்திருந்து வந்திருக்கான். தாமதம்னு அவனுக்கு யார் சொன்னாங்க?"

வேவு பார்க்கக் கப்பல் அனுப்பியிருக்கலாமே என்று வாயாடி கேட்டாள். அனுப்பினால் விளையாட்டே மணி அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும், நேற்று மணி அடிக்கவில்லை என்றார் டாக்டரம்மா. தாமதம் தெரிந்த ஆட்கள் அவரைத் தவிர, நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த நோயாளி ஒருவர்தான். அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். வெளியே மாமனார் இருந்தார், ஆனால் அவருக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதைச் சொல்லும்போது டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரத்தைத்தான் பார்க்கிறார் என்று பூதக்கண்ணாடியும் நம்பினார்.

வெளியே வந்தபோது முன்மேசையில் மாமனார் இருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, காதில் பேனா. வரும்போதே அவரைப் பார்த்திருந்தார்கள். பதிவேட்டில் ஒவ்வொரு சொல்லாக எழுதி, எழுதுவதையெல்லாம் கணீரென்று வாய்விட்டும் சொன்னவர். 'இரண்டு முப்பது. புதியவர். ஆண். கடைவாய்ப் பல்.' இப்போது, அடுத்த வருகை பத்து நாள் கழித்துப் பதினொன்று இருபதுக்கு என்று கேட்காமலே சொன்னார். பக்கத்தில் கம்ப்யூட்டர் திரை முழுக்க நட்சத்திரங்கள் மின்னின. திரைக்கு நல்ல படம் வைத்திருக்கிறார்கள் என்று ரசித்துவிட்டு, பூதக்கண்ணாடி படியிறங்கினார்.

* * *

பயிற்சிப் பள்ளி ஆசிரியர் காருக்குள் இருந்தார். வண்டியை ஓட்டியவர் ஒரு நூலகப் பணிப்பெண். அன்று அவருக்கு மூன்றாவது வகுப்பு. வகுப்பை நிறுத்த முடியாது, வேண்டுமானால் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் சைகை காட்டினார். அவருடைய வலது கன்னம் ஒரு கைப்பிடி பஞ்சை அடக்கியதுபோல வீங்கியிருந்தது. பேச்சு வராததால், சொல்ல வேண்டியதை ஒரு நோட்டில் எழுதி மாணவியின் முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார். அதைப் படிப்பதற்காக அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பூதக்கண்ணாடி தன் வாழ்க்கையில் செய்த தவறுகளை வரிசையாக நினைத்துக்கொண்டார். வண்டி மெதுவாகப் போனதால் எல்லாவற்றையும் நினைக்க நேரம் இருந்தது.

கேள்வி கேட்பவருக்குக் கன்னம் மரத்திருந்தது, பதில் சொல்பவருக்குக் கன்னம் வீங்கியிருந்தது. ஊமையும் செவிடனும் ஊர்வலம் போன மாதிரி இருக்கிறது என்று வாயாடி சொல்லி, நடுவில் தானே வழக்கறிஞர் ஆனாள். நேற்று ஆபரேஷன் தாமதமானதை அவர் யாரிடமாவது சொன்னாரா என்று கேட்டாள்.

நோட்டு பின்பக்கம் திரும்பியது. 'வாயில் டாக்டரின் கை. யாரிடம் சொல்ல?'

நியாயமான பதில். பூதக்கண்ணாடி அதைப் பார்த்துச் சோர்ந்து சாய்ந்தபோது, ஆசிரியர் மறுபடியும் நோட்டை வாங்கி எழுதினார். தாமதம் ஒன்றும் ரகசியம் இல்லை, வெளியே அறிவித்தார்களே என்று இருந்தது. எப்படி அறிவித்தார்கள் என்று கேட்டதற்கு, காதில் விழுந்ததை அப்படியே எழுதிக் காட்டினார். 'பத்து நிமிடத் தாமதம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

பூதக்கண்ணாடி நிமிர்ந்தார். இதோ துப்பு. காத்திருந்தவர்களில் ஒருவன் உளவாளி. மாமனார் அறிவித்ததைக் கேட்டுப் பேய்மழைக்குச் சொல்லிவிட்டான். யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், உயரம் என்ன, கையில் போன் இருந்ததா என்று அடுக்கிக்கொண்டே போனார். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டே சொல் எழுதினார். 'யாரும் இல்லை.'

நேற்று அவர்தான் கடைசி நோயாளி. உள்ளே போகும்போதும் காத்திருப்பு அறை காலி, வெளியே வரும்போதும் காலி. போன் அடித்த சத்தமும் கேட்கவில்லை. வலியில் இருப்பவனுக்குக் காது கூர்மை என்பதை அவர் அடிக்கோடிட்டு எழுதினார்.

ஆள் இல்லாத அறையில் ஒருவர் எதற்காக அறிவிப்புச் செய்வார்? ஒட்டுக்கேட்கும் கருவி, என்றார் பூதக்கண்ணாடி. எதிரிகள் அறையில் கருவி பொருத்தியிருக்கிறார்கள், நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும், நம் நிலையத்தில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா என்று வாயாடியைக் கேட்டார்.

வாயாடி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அத்தான், உங்க பல்லைப் பதிவேட்டுல எழுதறப்ப அவர் என்ன பண்ணினார்?"

"என்ன பண்ணினார்? வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழு..." அந்த இடத்தில் பூதக்கண்ணாடியின் நாக்கு நின்றது. மரத்துப்போனதால் அல்ல.

"அவர் நேத்து யாருக்கும் அறிவிக்கல. யாருக்கோ எழுதியிருக்கார்."

நட்சத்திரங்கள் மின்னிய திரை அவருடைய கண்முன்னால் வந்தது. அதை அழகான படம் என்று ரசித்துவிட்டு வந்த தன் கண்களையும், அவற்றுக்கு முன்னால் மாட்டியிருந்த கனத்த கண்ணாடியையும் அவர் மனதுக்குள் ஆசைதீரத் திட்டினார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். வெண்ணெயைப் பாராட்டிவிட்டு அலைந்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

வண்டியை மருத்துவமனைப் பக்கம் திருப்பச் சொன்னார்கள். நூலகப் பணிப்பெண் இதுவரை வலப்பக்கம் திருப்பியதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

* * *

உள்ளே நுழைந்தபோது மணி ஐந்தேகால். காத்திருப்பு அறை காலியாக இருந்தது. சந்தேகத்துக்கு உரியவரைப் பேச வைக்கப் பூதக்கண்ணாடி வழி முழுக்கப் பதினான்கு தந்திரக் கேள்விகளைத் தயாரித்திருந்தார். முதல் கேள்வி வானிலையில் ஆரம்பித்து, ஐந்தாவதில் பேரக்குழந்தைகளைத் தொட்டு, ஒன்பதாவதில்தான் விஷயத்துக்கு வரும். வாயாடி அந்தக் காகிதத்தை அவர் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டு, முன்மேசையில் சாய்ந்து நின்றாள்.

"ஐயா, அடுத்த படை எத்தனை மணிக்கு?"

மாமனார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பதினேழு நாற்பது. சரியான நேரத்துக்குக் கிளம்பும்."

உள்கதவுப் பக்கம் ஏதோ தட்டு கீழே விழுந்தது. டாக்டரம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்துவிட்டது.

பிறகு வெளியே வந்ததெல்லாம் மாமனாரே சொன்னது. ஒளிக்க ஒன்றும் இல்லாததால் ஒளிக்காமல் சொன்னார். கையுறை போட்டிருக்கும்போது மருமகளால் கம்ப்யூட்டரைத் தொட முடியாது. திரையில் சிவப்பு விளக்கு மின்னினால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள் மாமா என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் சொல்லி உட்கார வைத்தார். சிவப்பு எப்போதோதான் வரும். ஆனால் கடிதங்கள் தினம் வந்தன. உங்கள் கப்பல்கள் எப்போது கிளம்பும், எப்போது திரும்பும் என்று யார் யாரோ கேட்டார்கள். அட்டவணை பக்கத்திலேயே இருந்தது. பார்த்துச் சொன்னார். நேற்று வேர் வர இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்று மருமகள் உள்ளே நோயாளியிடம் சொன்னது காதில் விழுந்ததும் அதையும் சேர்த்துச் சொன்னார். பதில் சொல்லி முடித்த கடிதத்தை வைத்திருந்து என்ன செய்வது என்று அழித்தும்விட்டார். அதனால் மருமகள் கண்ணில் ஒன்றும் படவில்லை.

டாக்டரம்மா, அனுப்பிய கடிதங்களின் பெட்டியைத் திறந்தார். தான் அனுப்பியதைத் தானே திறந்து பார்க்க யாருக்குத் தோன்றும்? நூற்றுக்கணக்கான பதில்கள் வரிசையாக இருந்தன. நேற்று பேய்மழைக்குப் போனது மேலாகவே கிடந்தது. 'ஐயா, புறப்பாடு 16.00. பத்து நிமிடத் தாமதத்தால் 16.10. சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

"முப்பத்தி நாலு வருஷம் ரயில்வே விசாரணை கவுண்டர்ல இருந்தேன்," என்றார் மாமனார், பூதக்கண்ணாடியைப் பார்த்து, ஒரு தொழில்காரர் இன்னொருவரிடம் சொல்வதுபோல. "வண்டி எப்பன்னு கேட்டா சொல்லணும். எதுக்குக் கேக்கறீங்கன்னு ஒருத்தரையும் நான் கேட்டதில்ல. அது நம்ம வேலை இல்ல. ஒருத்தரையும் பதில் இல்லாம அனுப்பினதும் இல்ல."

பூதக்கண்ணாடிக்கு வெட்கமாக இருந்தது. கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு அவர் இத்தனை வருடத்தில் ஒருவரையும் உருப்படியான பதிலோடு அனுப்பியதில்லை.

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைக்கொடி துரோகி இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்த நிம்மதி அவர் முகத்தில் ஒரு நிமிடம்கூடத் தங்கவில்லை. கூட்டணியின் முதல் விதி, வெளியாள் ஒருவரிடம் தன் கணக்கைக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் நீக்கப்படுவார் என்பது. எழுதியது அவரே. அந்த விதிப்படி இரண்டு பேரை அவர் கையாலேயே வெளியேற்றியிருக்கிறார். ஒருவர் கெஞ்சியும் கேட்கவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் அவர் போக வேண்டும். சொல்லாவிட்டால் வெள்ளைக்கொடி போவார். மணி ஐந்து ஐம்பது.

பூதக்கண்ணாடி தொண்டையைச் செருமினார். விசாரணை அறிக்கை டாக்டரம்மாவுக்கு மட்டும்தான், வேறு யாரும் பார்க்கப்போவதில்லை என்று நினைவுபடுத்தினார். துப்புக் கிடைக்கவில்லை என்ற வாக்கியம் அவருடைய நிலையத்தில் எப்போதும் தட்டச்சு செய்து தயாராக இருக்கும். அவர் எழுதி அதை நம்பாதவர்கள் இதுவரை ஒருவரும் இல்லை. இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. வாயாடிகூடச் சிரிக்கவில்லை.

மாமனார் மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஆகிவிட்டது என்று அவருக்கு மெல்லப் புரிந்தது.

"நான் சொன்ன நேரம் ஏதாவது தப்பாப் போச்சாம்மா?"

"நேரமெல்லாம் சரிதான் மாமா," என்றார் டாக்டரம்மா. "நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல."

கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். சரியாக ஆறு மணிக்கு, நூற்று நாற்பது பேரும் பார்க்கும் இடத்தில் எழுத ஆரம்பித்தார். தான் ராணுவ அதிகாரி இல்லை, பல் டாக்டர் என்று எழுதினார். கையுறை, முன்மேசை, மாமனார், விசாரணை கவுண்டர் எல்லாவற்றையும் எழுதினார். வெள்ளைக்கொடி துரோகி இல்லை, அந்தச் சொல்லை எழுதிய கைக்கு வெட்கமாக இருக்கிறது என்று எழுதினார். கடைசியில், விதியை மீறியது நான், வாக்கெடுப்பை என் மேல் நடத்துங்கள் என்று முடித்தார்.

செயற்குழுவில் அவர் போக மீதி ஐந்து பேரின் வாக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. மன்னிக்கலாம் என்று ஒன்று. நீக்கலாம் என்று ஒன்று. மறுபடி மன்னிக்கலாம், மறுபடி நீக்கலாம். இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது வாக்கு வெள்ளைக்கொடியினுடையது.

பூதக்கண்ணாடி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நேற்று அவமானப்படுத்தப்பட்டவர் இன்று பெருந்தன்மையோடு மன்னிப்பார், எல்லாம் சுபமாக முடியும் என்று வாயாடியின் காதில் சொன்னார். ஒரு வழக்கில் அவர் கணிப்புச் சொன்னால் அதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளைக்கொடி: நீக்கலாம்.

எரிகல் என்ற பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. கூட்டணியின் அறை டாக்டரம்மாவின் திரையில் மூடிக்கொண்டது. நான்கு வருடம் கட்டிய கோட்டை, வெளியே நின்று பார்க்க ஒரு கறுப்புச் சதுரமாக இருந்தது. வழக்கு தீர்ந்துவிட்டது என்று கணக்கில் எழுதலாம். ஆனால் வழக்கைத் தீர்த்து வழக்குக் கொண்டுவந்தவரையே வீட்டுக்கு அனுப்பிய துப்பறிவாளர் உலகத்தில் வேறு யாரும் இருப்பாரா என்று பூதக்கண்ணாடிக்குத் தெரியவில்லை.

அப்போது வெள்ளைக்கொடியிடமிருந்து தனிக்கடிதம் ஒன்று வந்தது.

'விதி நீங்க எழுதினது. உங்களுக்காக நான் அதை வளைச்சா, நேத்து எனக்காக நீங்க ஏன் ஒரு நாள் பொறுக்கலன்னு என்னைக்காவது எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் எனக்கு வேண்டாம்.'

டாக்டரம்மா தலையை ஆட்டினார். எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரையில் மூன்று முறை வந்து மூன்று முறை போயிற்று. இரண்டு வருடம் ஒப்பந்தம் எழுதிய கைக்கு ஒரு வரி எழுத இவ்வளவு நேரம் ஆனது.

'நிஜமாவே பல் டாக்டரா?'

ஆமாம் என்று அடித்தார் டாக்டரம்மா.

'கடைவாய்ப் பல் ஒண்ணு ரெண்டு வருஷமா வலிக்குது. பயத்துல யார்கிட்டயும் காட்டினதில்ல. நீங்கன்னா காட்டுவேன்.'

டாக்டரம்மாவின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கையை உயர்த்தி, இத்தனை நேரமும் கழற்ற மறந்திருந்த கையுறையைப் பார்த்து, அதைக் கழற்றி எறிந்துவிட்டு எழுதினார்.

'மேலயா, கீழயா?'